இரண்டு தடுப்பான்கள் ஒரே கோரிக்கையைச் சந்திக்கும்போது

ஒரு செய்தித் தளத்தைத் திறக்கும் உலாவி, அந்தத் தளத்தின் சர்வரோடு மட்டும் பேசி நிறுத்திக்கொள்வதில்லை. எழுத்துரு கூகுளிடமிருந்து வருகிறது. ஜேகுவெரி போன்ற நிரல் நூலகம், உலகம் முழுக்கப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு பொது விநியோகச் சர்வரிலிருந்து வருகிறது. லைக் பொத்தான் ஃபேஸ்புக்கிலிருந்தும், வருகையாளரைக் கணக்கெடுக்கும் ஸ்கிரிப்ட் வேறோரிடத்திலிருந்தும், விளம்பரங்கள் இன்னும் பல இடங்களிலிருந்தும் வந்து சேர்கின்றன. முகவரிப் பட்டையில் தெரியும் தளத்துக்குச் சொந்தமில்லாத இந்தத் தொடர்புகளுக்குத்தான் மூன்றாம் தரப்பு இணைப்புகள் என்று பெயர். எது தன் வீடு, எது அயல் வீடு என்று பிரிக்க மொசில்லா பராமரிக்கும் பொதுப் பின்னொட்டுப் பட்டியல் உதவுகிறது. ‘கோ.இன்’ போன்ற பொதுவான பின்னொட்டையும் அதற்கு முன்னால் நிற்கும் ஒரு பெயரையும் சேர்த்து ஒரு தளமாகக் கொள்வது வழக்கம். அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் மூன்றாம் தரப்பு.

இந்த விஷயத்தில் குக்கியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இணைப்பைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. குக்கி 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி உருவாக்கியது. அதை மறுத்துவிட்டாலும் இணைப்பு இணைப்புதான். ஓர் எழுத்துருக் கோப்பைக் கேட்டு அனுப்பும் கோரிக்கையே வருகையாளரின் ஐபி முகவரியையும், உலாவியின் வகையையும், பெரும்பாலும் அவர் எந்தத் தளத்தில் இருக்கிறார் என்பதையும் மறுமுனைக்குச் சொல்லிவிடுகிறது. மியூனிக்கில் உள்ள நீதிமன்றம் ஒன்று 2022 ஜனவரியில் இதைப் பணத்தில் அளந்து காட்டியது. ஒரு தளம் கூகுள் எழுத்துருவை நேரடியாக அங்கிருந்து இழுத்ததால் வருகையாளரின் ஐபி முகவரி அவர் சம்மதமின்றிக் கூகுளுக்குப் போனது என்று சொல்லி, தளத்தை நடத்தியவர் 100 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2019 ஜூலையில், லைக் பொத்தானைப் பதித்துவைக்கும் தளமும் தகவல் சேகரிப்புக்குப் பொறுப்பாளிதான் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் ஃபேஷன் ஐடி வழக்கில் சொல்லியிருந்தது. ஆகவே குக்கியைத் தடுப்பதும் இணைப்பைத் தடுப்பதும் ஒன்றல்ல. தனியுரிமை நீட்சிகள் தங்களுக்குள் முட்டிக்கொள்வதற்கு இந்த வேறுபாடே முதல் காரணம்.

எக்ஸ்டென்ஷன் என்று வழங்கும் இந்த நீட்சிகள் வெளியிலிருந்து பார்க்க ஒரே வேலையைச் செய்பவைபோல் இருக்கும். உள்ளே அவற்றின் போக்கு வேறு வேறு. ரேமண்ட் ஹில் எழுதிய யூபிளாக் ஆரிஜின், ஆட்பிளாக் பிளஸ், ஆட்கார்ட் போன்றவை பட்டியலை வைத்து வேலை செய்கின்றன. ஈசிலிஸ்ட், ஈசிபிரைவசி போன்ற வடிகட்டிப் பட்டியல்களில் இடம்பெற்ற முகவரி என்றால் கோரிக்கை விழுந்துவிடும். ஜியார்ஜியோ மாவோனே 2005-இல் வெளியிட்ட நோஸ்கிரிப்ட், பட்டியலைப் பார்ப்பதில்லை. பயனர் அனுமதிக்காத எந்த ஸ்கிரிப்டையும் ஓடவிடாது. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2014-இல் கொண்டுவந்த பிரைவசி பேட்ஜர் நடத்தையைப் பார்க்கிறது. ஒரு மூன்றாம் தரப்பு டொமைன் மூன்று வெவ்வேறு தளங்களில் பின்தொடர்வதைக் கண்டால் அதைத் தடுக்கும். தடுத்தால் பக்கம் உடையும் என்று தெரிந்த டொமைன்களுக்கு இணைப்பை விட்டுவிட்டுக் குக்கியை மட்டும் கழற்றும். டீசென்ட்ரலைஸும் அதன் வழிவந்த லோக்கல்சிடிஎன்னும் இயல்பாக எதையும் தடுப்பதில்லை. ஜேகுவெரி கேட்டால் வெளியே போகவிடாமல் தன்னிடம் உள்ள பிரதியை எடுத்துக் கொடுக்கும். ஒன்று வெட்டுகிறது, ஒன்று ஓடவிட மறுக்கிறது, ஒன்று விசாரிக்கிறது, ஒன்று மாற்றிக் கொடுக்கிறது. நான்கையும் ஒருவர் ஒரே உலாவியில் நிறுவும்போது என்ன ஆகும் என்பதே கேள்வி.

பதில், ஒரு கோரிக்கை உலாவிக்குள் கடந்துபோகும் படிகளில் இருக்கிறது. வெப்ரிக்வெஸ்ட் என்ற இடைமுகம் நீட்சிகளுக்கு இந்தப் படிகளை ஒவ்வொன்றாக அறிவிக்கும். கோரிக்கை புறப்படும் முன் ஓர் அறிவிப்பு. கோரிக்கையோடு செல்லும் குறிப்புகளான ஹெட்டர்கள் தயாரானதும் ஓர் அறிவிப்பு. குக்கி இந்தப் படியில்தான் கண்ணில் படும். பதில் ஹெட்டர்கள் வந்ததும் மற்றோர் அறிவிப்பு. முதல் படியில் நீட்சி மூன்று விதமாக நடந்துகொள்ளலாம்: ரத்து செய்யலாம், வேறு முகவரிக்குத் திருப்பலாம், ஒன்றும் சொல்லாமல் விடலாம். பல நீட்சிகள் இருந்தால் எல்லோரிடமும் கேட்கப்படும்.

கருத்து மாறுபட்டால் என்ன செய்வது என்பதைக் குரோமின் ஆவணம் எழுத்தில் வைத்திருக்கிறது. ஒரே ஒரு நீட்சி ரத்து என்று சொன்னாலும் கோரிக்கை ரத்து. திருப்புவதையோ ஒரு ஹெட்டரை மாற்றுவதையோ ஒரு நேரத்தில் ஒரு நீட்சிதான் செய்யலாம். இரண்டு முயன்றால் கடைசியாக நிறுவப்பட்டது வெல்லும். தோற்ற நீட்சிக்கு அது தோற்றது என்ற தகவல்கூடப் போகாது. இந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். தன் வேலை நடந்துவிட்டது என்று நம்பியபடியே ஒரு நீட்சி உட்கார்ந்திருக்கும், நடந்திருக்காது. ஃபயர்ஃபாக்ஸில் எந்த நீட்சியின் பதில் முதலில் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதும் கணக்கில் வருகிறது. அதனால் ஒரே இணை இரண்டு உலாவிகளில் இரண்டு விதமாக நடந்துகொள்வதில் வியப்பில்லை.

‘அனுமதி’ என்ற சொல்லுக்கு இந்த ஏற்பாட்டில் அதிகாரமே இல்லை என்பது முதல் விளைவு. பயனர் ஒரு நீட்சியில் ஒரு டொமைனை அனுமதித்தால், அந்த நீட்சி குறுக்கே நிற்காது என்பது மட்டுமே பொருள். பக்கத்து நீட்சி தடுக்கிறது என்றால் தடை தடையாகவே நிற்கும். ஆட்பிளாக் பிளஸ் 2011 முதல் ஏற்கத்தக்க விளம்பரங்கள் என்ற ஏற்பாட்டின்கீழ் சில விளம்பரங்களை விட்டுவிடுகிறது. அதே உலாவியில் யூபிளாக் ஆரிஜினும் இருந்தால் அந்த விளம்பரங்களும் வராது. யாரிடமும் பிழை இல்லை. நோஸ்கிரிப்டும் யூபிளாக் ஆரிஜினின் கடுமையான அமைப்பும் சேர்ந்தால் ஒரு காணொளியைப் பார்க்க இரண்டு இடங்களில் அனுமதி தர வேண்டியிருக்கும். ஒன்றில் கொடுத்துவிட்டு ஏன் ஓடவில்லை என்று திகைப்பவர்கள் கடைசியில் எரிச்சலில் இரண்டையும் அணைத்துவிடுகிறார்கள். பாதுகாப்புக்காகச் சேர்த்த இரண்டாவது நீட்சி, முதலாவதையும் இழக்கவைக்கிறது. இந்தத் துறையில் மிக அதிகமாக நடக்கும் இழப்பு இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இதைவிட நுணுக்கமானது டீசென்ட்ரலைஸின் கதை. அது வாழ்வதே திருப்புவதில்தான். கூகுளின் நூலகச் சர்வருக்கோ ஜேஎஸ்டெலிவருக்கோ போகும் கோரிக்கையை மறித்து, உலாவிக்குள்ளேயே இருக்கும் பிரதியை நீட்டுகிறது. பக்கம் உடையாது, வெளிச் சர்வருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் யூபிளாக் ஆரிஜினில் மூன்றாம் தரப்பு ஸ்கிரிப்டுகள் எல்லாவற்றையும் தடுக்கும் நடுத்தர அமைப்பை ஒருவர் வைத்திருந்தால், அதே கோரிக்கைக்கு ரத்து என்ற பதிலும் வருகிறது. ரத்து வெல்ல, பிரதி கைக்கு வராது, பக்கம் உடையும். பயனர் நினைப்பது இரட்டைப் பாதுகாப்பு; கிடைப்பது டீசென்ட்ரலைஸ் நிறுவாத உலாவியின் அதே நிலை.

அதற்கு மாற்று, யூபிளாக் ஆரிஜினில் ‘நூப்’ எனப்படும் சாம்பல் நிற விதி. அது அனுமதி அன்று. இந்த டொமைனுக்கு மொத்தத் தடையைப் பொருத்தாதே, பட்டியல்கள் சொல்வதை மட்டும் பார் என்று சொல்வது. நூலகச் சர்வர்கள் ஒவ்வொன்றுக்கும் இந்த விதியை எழுதிவைத்தால் வழி திறக்கிறது, டீசென்ட்ரலைஸ் தன் பிரதியைக் கொடுக்கிறது. ஆனால் திறந்த வழி எல்லாருக்கும் திறந்ததே. டீசென்ட்ரலைஸிடம் எல்லா நூலகங்களும் இல்லை, ஒரு நூலகத்தின் எல்லாப் பதிப்புகளும் இல்லை. பக்கம் கேட்கும் பதிப்பு அதனிடம் இல்லையென்றால், கோரிக்கை இப்போது தடையின்றி வெளிச் சர்வருக்கே போய்ச் சேரும். முன்பு விழுந்துகொண்டிருந்த இணைப்பு, தனியுரிமைக்காகச் செய்த ஒரு திருத்தத்தால் உயிர்பெற்றுவிடுகிறது. இல்லாத கோப்புகளுக்கான கோரிக்கைகளைத் தடுக்கும் விருப்பம் டீசென்ட்ரலைஸிலேயே உண்டு. நூப் விதி எழுதுபவர் அதையும் சேர்த்து இயக்கினால்தான் கணக்கு நேராகும். இந்தப் படியைச் சொல்லாமல் நூப் விதிகளை மட்டும் பரிந்துரைப்பது அரைகுறை ஆலோசனை.

யூபிளாக் ஆரிஜினுக்கு உள்ளேயே இதே போன்ற ஒரு திருப்பும் வேலை நடக்கிறது. கூகுள் அனலிட்டிக்ஸ் ஸ்கிரிப்டை வெறுமனே வெட்டிவிட்டால், அதன் செயற்கூறுகளை அழைக்கும் சில தளங்கள் அப்படியே நின்றுபோகும். பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஆகவே அந்த இடத்தில் ஒரு பதிலி வைக்கப்படுகிறது. பெயரும் உருவமும் அசலைப் போல இருக்கும், எங்கும் எதையும் அனுப்பாது. பக்கம் ஏமாந்து ஓடும். நோஸ்கிரிப்டும் இத்தகைய பதிலிகளை வைத்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2021 மார்ச்சில், 87-ஆம் பதிப்பில், ஸ்மார்ட்பிளாக் என்ற பெயரில் இதைத் தன்னுள்ளேயே சேர்த்தது. இப்போது அருகில் வேறொரு தடுப்பான் நின்று அதே ஸ்கிரிப்டை ரத்து செய்தால், பதிலி பக்கத்தை எட்டாது. பல ஆண்டு உழைப்பில் தளம் தளமாகச் சோதித்துச் செய்த அந்த மெல்லிய தையல் ஒரே வெட்டில் அறுந்துபோகிறது. பக்கம் உடைந்ததும் பழி பெரும்பாலும் தவறான நீட்சியின் மேல் விழுகிறது. வேறு உள்ளடக்கத் தடுப்பானோடு சேர்த்து ஓட்ட வேண்டாம் என்று யூபிளாக் ஆரிஜின் தரப்பு திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இது ஒரு காரணம். விளம்பரத் தடுப்பானைக் கண்டுபிடிக்கும் ஸ்கிரிப்டுகளுக்கு எதிராக எழுதப்படும் விதிகளுக்கும் இதே கதிதான். யூபிளாக் ஆரிஜின் ஒளிந்துகொள்ளும்போது பக்கத்திலிருக்கும் மற்றொன்று அகப்பட்டுவிட்டால் ஒளிந்ததில் பயனில்லை.

பிரைவசி பேட்ஜரின் நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. அது கற்க வேண்டுமானால் பின்தொடர்பவரைக் கண்ணால் பார்க்க வேண்டும். குக்கி கண்ணில் படுவது இரண்டாம் படியில், பதில் ஹெட்டர் வருவது அதற்கும் பின்னால். முதல் படியிலேயே இன்னொரு நீட்சி ரத்து செய்துவிட்டால் அந்தக் கோரிக்கை பிற்படிகளுக்கு வருவதே இல்லை. பட்டியலில் இருக்கும் டொமைன்களைப் பொறுத்தவரை பேட்ஜர் ஒன்றும் கற்காது. பட்டியலில் இல்லாதவற்றில் அது கற்கும், அங்குதான் அதன் பயன். 2020 அக்டோபரில் நிலைமை மாறியது. ஒவ்வோர் உலாவியிலும் பேட்ஜர் தனித்தனியாகக் கற்றதைப் பயன்படுத்தி ஒருவரை அடையாளம் காண முடியும் என்று கூகுளின் பாதுகாப்புக் குழு எடுத்துச்சொன்ன பிறகு, உள்ளூர்க் கற்றல் இயல்பாக அணைக்கப்பட்டது. இப்போது முன்கூட்டியே பயிற்றப்பட்ட பட்டியலோடுதான் அது வருகிறது. நடத்தையைப் பார்க்கும் நீட்சி என்று நம்பி, பட்டியல் நீட்சிக்குத் துணையாக அதை நிறுவுபவர், தம்மிடம் இருப்பவை இரண்டு பட்டியல்கள் என்பதை அறிந்திருக்க வேண்டும். பட்டியல் உருவான விதம் வேறு என்பது உண்மை. தளங்கள் தகவலை விற்பதை மறுக்கும் குளோபல் பிரைவசி கன்ட்ரோல் சமிக்ஞையையும் அது அனுப்புகிறது. ஆனால் தானாகக் கற்பது பயனர் விரும்பி இயக்கினால் மட்டுமே.

ஹெட்டர்களில் நடக்கும் மோதல் யார் கண்ணுக்கும் தெரியாது. பக்கத்துக்குள்ளேயே எழுதப்பட்ட ஸ்கிரிப்டை, அதாவது தனிக் கோரிக்கையாக வராததை, முதல் படியில் மறிக்க இயலாது. ஆகவே யூபிளாக் ஆரிஜின், ரேமண்ட் ஹிலின் மற்றொரு படைப்பான யூமேட்ரிக்ஸ், நோஸ்கிரிப்ட் போன்றவை பதிலில் வரும் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை என்ற ஹெட்டரில் தங்கள் நிபந்தனையை எழுதி, உலாவியையே தடுக்கவைக்கின்றன. ஒரே ஹெட்டரில் இருவர் எழுத வந்தால்? ஒரு நேரத்தில் ஒருவர் என்ற விதி இங்கேயும் குறுக்கிடும். ஃபயர்ஃபாக்ஸில் ஒரு நீட்சி எழுதியதை மற்றொன்று அழித்துவிடும் சிக்கல் நெடுங்காலம் இருந்து, பின்னர் எல்லாருடைய நிபந்தனைகளையும் சேர்த்துப் பொருத்தும்படி சரிசெய்யப்பட்டது. இதில் பக்கம் உடையவில்லை, எச்சரிக்கையும் வரவில்லை. தடுக்கப்பட்டதாக நினைத்த ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் ஓடியது. உடைந்த பக்கம் எரிச்சல் தரும், அவ்வளவுதான். உடையாத பக்கத்தில் தடை நழுவிப்போவதுதான் உண்மையான ஆபத்து.

கோரிக்கையே இல்லாத இணைப்புகளும் உண்டு. பயனர் அடுத்து எங்கே சொடுக்கப்போகிறார் என்று ஊகித்து உலாவி முன்கூட்டியே டிஎன்எஸ்ஸில் சர்வரின் முகவரியைத் தேடுகிறது, சர்வரோடு கைகுலுக்கியும் வைக்கிறது. கோரிக்கை தடுக்கப்பட்டாலும் கைகுலுக்கல் நடந்துவிட்டால் ஐபி முகவரி போய்விட்டது. யூபிளாக் ஆரிஜினும் பிரைவசி பேட்ஜரும் இந்த முன்னேற்பாட்டை உலாவி அமைப்பிலேயே அணைக்கின்றன. இத்தகைய அமைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு நீட்சிதான் அதிகாரி, அதுவும் கடைசியாக நிறுவப்பட்டது. இரண்டும் அணைக்கவே விரும்புவதால் இவற்றுக்குள் சண்டையில்லை. ஆனால் ‘வேகமாக்கும்’ நீட்சி ஏதாவது பின்னால் வந்து அதே அமைப்பை இயக்கிவிட்டால், முந்தைய இரண்டும் சொல்வது எடுபடாது. அதிகாரத்தில் இருக்கும் நீட்சியை நீக்கினால் பொறுப்பு அதற்கு முன் நிறுவியதற்குத் திரும்பும்.

முதல் தரப்பு வேடம் போட்டு வரும் மூன்றாம் தரப்பு இன்னொரு பிரச்சினை. தளம் தன் பெயரிலேயே ஒரு துணை டொமைனை உருவாக்கி, டிஎன்எஸ்ஸில் சிநேம் பதிவு மூலம் அதைப் பின்தொடரும் நிறுவனத்தின் சர்வருக்குக் காட்டிவிடும். உலாவியின் கண்ணுக்கு அது வீட்டு ஆள். பிரெஞ்சு நாளிதழ் லிபராசியோனின் தளத்தில் இது நடப்பது 2019-இல் வெளியே வந்தபோது தடுப்பான் உலகில் பெரும் விவாதம் எழுந்தது. யூபிளாக் ஆரிஜின் 2020 முதல் ஃபயர்ஃபாக்ஸில் அந்தப் பெயரின் உண்மை முகவரியைத் தேடிப் பார்த்து, அதைப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. நீட்சிகளுக்கு டிஎன்எஸ் தேடும் வசதியை ஃபயர்ஃபாக்ஸ் தருகிறது, குரோம் தருவதில்லை. குரோம் பயன்படுத்துபவருக்கு இந்த இடத்தில் இன்னொரு நீட்சி உதவாது. ஆனால் பை-ஹோல் போன்று வீட்டு வலையமைப்பில் டிஎன்எஸ் மட்டத்தில் நிற்கும் தடுப்பான் உதவும். அது உலாவியின் படிகளுக்குள் வருவதே இல்லை, எனவே நீட்சிகளோடு மோதுவதும் மிகக் குறைவு. உலாவி தனியே மறையாக்கிய டிஎன்எஸ்ஸைப் பயன்படுத்தும்படி அமைந்திருந்தால் மட்டும் பை-ஹோலுக்குக் கேள்வியே வந்து சேராது. இரண்டு அடுக்குகள் உண்மையிலேயே ஒன்றையொன்று நிறைவுசெய்யும் அரிய இடங்களில் இது ஒன்று.

உலாவியிலேயே அமைந்த காவலும் பெரும்பாலும் அப்படித்தான். சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுமையாக மறுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2019 செப்டம்பர் முதல் டிஸ்கனெக்ட் நிறுவனத்தின் பட்டியலை வைத்துப் பின்தொடரும் குக்கிகளை எல்லாப் பயனர்களுக்கும் தடுக்கிறது. 2022 ஜூனில், தளத்துக்குத் தளம் தனிக் குக்கி ஜாடி வைக்கும் ஏற்பாட்டை இயல்பாக்கியது. இணைப்பைத் தடுக்கும் நீட்சியும் சேமிப்பைப் பிரித்து வைக்கும் உலாவியும் வேறு வேறு மட்டத்தில் வேலை செய்வதால் ஒன்று மற்றதன் காலை மிதிப்பதில்லை. சேமிப்பைப் பிரித்து வைக்கும் நீட்சிகளான மொசில்லாவின் ஃபேஸ்புக் கன்டெய்னரும் மல்டி-அக்கவுன்ட் கன்டெய்னர்களும் யூபிளாக் ஆரிஜினோடு சங்கடமின்றி இருப்பதற்குக் காரணம் இதுவே.

குரோமில் மேனிஃபெஸ்ட் 3 என்ற புதிய நீட்சி முறை வந்த பிறகு ஆட்டத்தின் விதிகள் மாறின. தடுக்கும் அதிகாரத்தோடு வெப்ரிக்வெஸ்ட்டைப் பயன்படுத்தும் பழைய நீட்சிகள் 2024-இல் தொடங்கி 2025-இல் குரோமிலிருந்து விலக்கப்பட்டன. புதிய முறையில் நீட்சி ஒவ்வொரு கோரிக்கையையும் பார்த்து முடிவெடுப்பதில்லை. விதிகளை முன்கூட்டியே உலாவியிடம் ஒப்படைத்துவிடுகிறது, உலாவி அவற்றைப் பொருத்துகிறது. ஒரே நீட்சிக்குள் விதிகளுக்கு முன்னுரிமை எண் தரலாம். இரண்டு நீட்சிகளுக்கு இடையே அந்த எண் செல்லாது. தடை முதலில், திருப்புவதும் பாதுகாப்பான முகவரிக்கு உயர்த்துவதும் அடுத்து, அனுமதி கடைசி. பழைய வழக்கம் இங்கே சட்டமாகிவிட்டது. புதிதாக ஒரு நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு நீட்சிக்கும் 30,000 நிலையான விதிகள் உறுதி. அதற்குமேல் வேண்டியவை எல்லா நீட்சிகளுக்கும் பொதுவான ஒரு கையிருப்பிலிருந்து, முந்தியவருக்கே என்ற முறையில் கிடைக்கும். பெரிய பட்டியல்களோடு இரண்டு மூன்று தடுப்பான்களை அடுக்கினால் பின்னால் வருவதற்குக் கையிருப்பு போதாமல் போகலாம். ஃபயர்ஃபாக்ஸ் பழைய அதிகாரத்தை நீட்சிகளிடமே விட்டுவைத்திருப்பதால் இந்தக் கவலை அங்கே அவ்வளவு இல்லை.

எண்ணிக்கையை நம்புவதும் கூடாது. கருவிப்பட்டையில் ஒன்று 24 என்று காட்டும், இன்னொன்று 17 என்று காட்டும். 41 தடுக்கப்பட்டது என்று பொருளில்லை. முதல் படி அறிவிப்பு எல்லா நீட்சிகளுக்கும் போவதால் ஒரே கோரிக்கையை இரண்டும் தம் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். பட்டியல்களும் பெரும்பாலும் ஒன்றேதான். யூபிளாக் ஆரிஜின், ஆட்பிளாக் பிளஸ் இரண்டுமே ஈசிலிஸ்ட்டையே தம் அடித்தளமாகக் கொண்டவை. இரண்டாவதை நிறுவுவதால் கூடுவது நினைவகச் செலவும் பக்கம் உடையும்போது தேட வேண்டிய இடங்களும்தான். பட்டியல் போதவில்லை என்று தோன்றினால், இருக்கும் நீட்சிக்குள்ளேயே இன்னொரு பட்டியலைச் சேர்ப்பது நேர்வழி.

நம்பிக்கைக் கணக்கும் இதில் உண்டு. பழைய முறையில் இயங்கும் ஒரு தடுப்பானுக்கு, எல்லாத் தளங்களிலும் உள்ள தகவல்களைப் படிக்கவும் மாற்றவும் உரிமை கொடுக்க வேண்டும். நானோ ஆட்பிளாக்கர், நானோ டிஃபென்டர் என்ற இரு நீட்சிகள் 2020 அக்டோபரில் வேறு கைகளுக்கு விற்கப்பட்டன. புதிய உரிமையாளர்கள் அனுப்பிய புதுப்பிப்பில், பயனர்களின் தகவல்களை வெளியே அனுப்பும் நிரல் இருந்தது. விளம்பரத்தைத் தடுப்பதற்காக நிறுவியதே உளவு பார்த்தது. ஒவ்வொரு கூடுதல் நீட்சியும் இப்படி ஒரு வாசலைக் கூட்டுகிறது. அத்தோடு, பக்கத்தில் நீட்சிகள் ஏற்படுத்தும் மாற்றங்களை வைத்தே எந்தெந்த நீட்சிகள் நிறுவப்பட்டிருக்கின்றன என்று கண்டறிய முடியும் என்பதை ஓலெக்சி ஸ்டாரோவும் நிக் நிகிஃபோராகிஸும் 2017-இல் தங்கள் ஆய்வில் காட்டினர். அபூர்வமான கூட்டு, அபூர்வமான அடையாளம். நோஸ்கிரிப்டை உள்ளேயே வைத்து வரும் டோர் உலாவி, அதற்குமேல் எதையும் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது இதனால்தான்.

பக்கம் உடைந்தால் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் வழி உலாவிக்கு உலாவி வேறு. ஃபயர்ஃபாக்ஸின் நெட்வொர்க் கருவியில், தடுக்கப்பட்ட கோரிக்கையின் அருகே தடுத்த நீட்சியின் பெயரே தெரியும். குரோமில் கிளையன்ட் தடுத்தது என்று மட்டும் வரும், எந்த நீட்சி என்பது வராது. யூபிளாக் ஆரிஜினின் லாகர் என்ற பதிவேடு மிக விரிவானது, எந்தப் பட்டியலின் எந்த வரி தடுத்தது என்றுகூடச் சொல்லும். ஆனால் அது தன் முடிவுகளை மட்டுமே அறியும். அங்கே தடை எதுவும் இல்லாமல் பக்கம் உடைந்திருந்தால் பார்வையை வேறு நீட்சியின் பக்கம் திருப்ப வேண்டும். தனிப்பட்ட உலாவல் சாளரத்தில் நீட்சிகள் இயல்பாக ஓடுவதில்லை. முதலில் பக்கத்தை அங்கே திறந்து பார்ப்பது நல்லது. அங்கேயும் உடைந்திருந்தால் நீட்சிகளைக் குறைசொல்ல வேண்டியதில்லை, உலாவியின் சொந்தக் காவலையோ டிஎன்எஸ் தடுப்பானையோ பார்க்க வேண்டும். சரியாக இருந்தால், ஒவ்வொரு நீட்சியாக அணைத்து, ஒவ்வொரு முறையும் பக்கத்தை மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டும். ஒன்றை அணைத்தும் மாற்றம் இல்லையென்றால் அது நிரபராதி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இரண்டு நீட்சிகள் ஒரே கோரிக்கையைத் தடுத்துக்கொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்து அணையும்வரை பக்கம் எழாது. ஆகவே அணைத்ததை உடனே திரும்ப இயக்காமல், எல்லாவற்றையும் அணைத்த நிலைக்கு வந்து, அங்கிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப இயக்கிக்கொண்டு வருவதே தவறாத முறை.